குணா அண்ணனின் வலது முட்டி

மூட்டு அறுவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ரோபோவைப் பற்றிப் பேச வரச் சொன்னார்கள். வந்தேன், பேசினேன். எல்லோரும் கலைந்த பிறகு உங்களில் ஒருவர் லிஃப்ட் வரை என்னோடு நடந்து வந்து, "ரோபோ வந்ததுக்கு அப்புறம் உங்களுக்குப் பயம் கொறஞ்சிச்சா டாக்டர்?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். தெப்ராவ் சாலை நெரிசலில் நின்று நின்று வீட்டுக்குப் போகையில் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே வந்தது. பதில் சொல்லியிருக்க வேண்டும். அதனால் இதை எழுதுகிறேன்.

குறையவில்லை. முன்பெல்லாம் என் கை தவறிவிடுமோ என்று பயந்தேன். ரோபோ வந்த பிறகு வேறொரு பயம் வந்தது. எல்லாம் சரி என்று திரை சொல்லும்போது, அது சரியில்லை என்றால் எனக்குத் தெரியவருமா என்ற பயம். அது எப்படி வந்தது என்று கேட்டால் குணா அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

இயந்திரத்தின் நுணுக்கங்களைக் கம்பெனிக்காரர்கள் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். இங்கே வேண்டியது கொஞ்சம்தான். முட்டிக்கு மேலே தொடை எலும்பிலும், கீழே முன்கால் எலும்பிலும் சின்னப் பின்களை இறக்கி, அவற்றின் தலையில் பளபளக்கும் குமிழ்கள் கொண்ட ஒரு கொம்பைப் பொருத்துகிறோம். கேமரா அந்தக் கொம்பைத்தான் பார்க்கிறது. எலும்பை அது பார்ப்பதே இல்லை. கொம்பு இருக்கும் இடத்தை வைத்து எலும்பு இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. ரம்பம் நம் கையில்தான் இருக்கும். எல்லையைத் தாண்டப் போனால் ரோபோவின் கை நம் கையைத் தடுத்துவிடும். வெட்டும் முன், எலும்பில் குறித்து வைத்த ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்ட வேண்டும். நாம் தொட்ட இடமும் அது நினைத்த இடமும் ஒத்துப்போனால் திரையில் பச்சை வரும். இல்லாவிட்டால் சிவப்பு. எவ்வளவு விலகியிருக்கிறது என்று பக்கத்திலேயே ஓர் எண்ணும் வரும்.

குணா அண்ணன் மாசாயில் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அறுபதைத் தாண்டியவர். இளம் வயதில் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும் வழியில் லாரி இடித்து வலது தொடை எலும்பு முறிந்திருக்கிறது. தகடு வைத்து ஆணி அடித்திருந்தார்கள். எலும்பு ஒட்டிக்கொண்டது, ஆனால் கோணலாக. அந்தக் கோணல் காலில் பல வருடம் நடந்து நடந்து முட்டி தேய்ந்துபோய்விட்டது. என்னிடம் வந்தபோது எக்ஸ்ரேயில் எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டு கிடந்தன.

முதல் நாள் மனைவி ராஜேஸ்வரி அக்காவோடு வந்திருந்தார். உள்ளே வந்ததும் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"எலும்பு டாக்டர்னாங்க. பொம்பள டாக்டரா இருக்கீங்க?"

"ஏண்ணே, உங்க முட்டி ஒத்துக்காதா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். சில வாரங்களுக்கு முன் பள்ளிக்கூட வாசலில், ஒரு சிறுமி கீழே உருண்ட தண்ணீர் பாட்டிலைப் பிடிக்க வேனுக்கு முன்னால் குனிந்திருக்கிறாள். இவர் பிரேக்கை மிதிக்கப் பார்த்தபோது முட்டி பிடித்துக்கொண்டு கால் நகரவில்லை. கை பிரேக்கை இழுத்துத்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறார்.

"அந்தப் புள்ளைக்கும் பம்பருக்கும் நடுவுல இவ்ளோதான் எடம் டாக்டர்." கையை விரித்து ஒரு சாண் காட்டினார். "புள்ளைக்கு ஒன்னுமே தெரியாது. பாட்டில எடுத்துக்கிட்டு ஏறி உக்காந்துருச்சி. எனக்குத்தான் அன்னிக்குச் சோறு எறங்கல. சாயந்தரமே சாவிய மச்சான்கிட்ட குடுத்துட்டேன். யாரும் என்னைய நிறுத்தச் சொல்லல. நானாத்தான் நிறுத்துனேன்."

"அதுலேர்ந்து வீட்டுல ஒக்காந்து ஜன்னலயே பாத்துக்கிட்டு இருக்காரு," என்றார் அக்கா.

சாதாரண முறையில் முட்டி மாற்றும்போது, தொடை எலும்பின் உள்ளே நீளமான கம்பி ஒன்றைச் செலுத்தித்தான் காலின் நேர்க்கோட்டைக் கண்டுபிடிப்போம். அண்ணனின் எலும்பில் அது முடியாது. எலும்பு கோணல், உள்ளே பழைய ஆணிகள் குறுக்கே நிற்கின்றன. ரோபோவுக்கு அந்தக் கம்பி தேவையில்லை. எங்கள் மருத்துவமனைக்கு அப்போதுதான் அது வந்திருந்தது. இவருக்காகவே செய்தது போல இருக்கிறதே என்று நினைத்தேன்.

"அப்ப அது வெட்டும், நீங்க டீ குடிக்கப் போயிருவீங்களா?" என்று கேட்டார்.

"நான்தான் வெட்டுவேண்ணே. அது பக்கத்துல நின்னு என்னைய அதட்டிக்கிட்டு இருக்கும்."

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதோடு, லேசாகத் தூங்கவும் மருந்து கொடுப்பது எங்கள் வழக்கம். தூக்கம் வேண்டாம் என்றார். "மோட்டார்ல அடிபட்டப்ப மயக்கமாயிட்டேன். கண்ணு முழிக்கறேன், கால் வேற யாரோடதோ மாதிரி இருக்குது. இந்தத் தடவ நான் முழிச்சிருக்கணும்." சரி என்றேன். பயப்படாமல் இருக்க என்னென்ன சத்தம் கேட்கும் என்று வரிசையாகச் சொல்லிவைத்தேன். முதலில் துளை போடும் சத்தம். பிறகு கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ரம்பம். ரம்பச் சத்தம் கேட்டால் வேலை நன்றாகப் போகிறது என்று அர்த்தம் என்றேன்.

நோயாளி விழித்திருக்கும்போது நாம் சொல்லிவைத்த ஒவ்வொன்றையும் அவர் காதால் சரிபார்த்துக்கொண்டே படுத்திருப்பார் என்பதை நான் யோசிக்கவில்லை.

அறுவை நாளன்று காலை பசியாறக்கூட எனக்குத் தோன்றவில்லை. இயந்திரம் புதிது, எலும்பு சிக்கலானது. போதாததற்கு மருத்துவமனை இயக்குநர், வேறொரு மருத்துவமனையிலிருந்து சில மருத்துவர்களைப் பார்வையாளர்களாக அழைத்து வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்திருந்தார். அவர்களும் இந்த இயந்திரத்தை வாங்கும் யோசனையில் இருந்தார்களாம். இயக்குநர் கண்ணாடி வழியாக எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அண்ணனின் தலைமாட்டில் மயக்க மருத்துவர் உட்கார்ந்திருந்தார். மலாய்க்காரர், என்னைவிட மூத்தவர். மருத்துவமனை முழுக்க அவரைக் 'காக்' என்றுதான் கூப்பிடும், அக்கா என்று அர்த்தம். அவர் பேசுவதே குறைவு. என் வேலைக் காலத்தில் நான் யாரிடமாவது கற்றுக்கொண்டேன் என்றால் அவரிடம்தான். அவர் எனக்கு எதையும் சொல்லித்தந்ததில்லை. கேள்வி கேட்பார், அவ்வளவுதான்.

பின்களை இறக்கினேன். தொடைப் பின்களைப் பழைய தகட்டின் கீழ்முனைக்கும் முட்டிக்கும் நடுவே, ஸ்கேனில் திட்டமிட்ட இடத்தில் போட்டேன். எலும்பு நான் எதிர்பார்த்ததைவிட மென்மையாக இருந்தது. முட்டியைத் திறந்தோம். எலும்பின் மேற்பரப்பைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு இயந்திரத்துக்கு அடையாளம் காட்டினோம். எல்லாம் பச்சை. ரம்பத்தைப் பொருத்திவிட்டு, கடைசியாகச் சரிபார்க்கும் புள்ளியைத் தொட்டேன்.

சிவப்பு.

துடைத்துவிட்டு மறுபடி தொட்டேன். சிவப்பு. முதலில் காட்டியதைவிடப் பெரிய எண்.

இயந்திரக் கம்பெனியின் பொறியாளர் லிம் என் பின்னால் நின்றிருந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தவர். நிதானமான, கவனமான ஆள். தொடைப் பின் தளர்ந்திருக்கலாம், இறுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து புள்ளிகளைத் தொட்டால் பச்சை வந்துவிடும் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. நானும் அதற்கு முன் இன்னொரு நோயாளிக்கு அப்படிச் செய்திருக்கிறேன், நன்றாகவே முடிந்தது.

கொம்பை விரலால் லேசாகத் தொட்டேன். ஆடியது, விழப்போகும் பல் ஆடுவது போல. மென்மையான எலும்பில் பின் கொஞ்சம் தளர்வது உண்டு. ஆனால் இந்த அளவுக்குத் தளராது. என் முதுகில் வியர்வை இறங்கியது. அறுவை அரங்கின் குளிர் உங்களுக்குத் தெரியும். அந்தக் குளிரிலும் வியர்த்தது.

லிம் சொன்னபடி செய்தால் பச்சை வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. கொம்பு எங்கே நிற்கிறதோ அதை வைத்து இயந்திரம் புதிதாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். புதிய கணக்கு சரியாகவும் இருக்கும். ஆனால் பின் ஏன் தளர்ந்தது என்ற கேள்விக்கு அந்தப் பச்சையில் பதில் இருக்காது. அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவும் மாட்டார்கள். நான் உட்பட.

அண்ணனின் நெஞ்சுக்கு மேலே மறைப்பாகக் கட்டியிருந்த திரைத்துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"டாக்டர், ரம்பச் சத்தம் இன்னும் கேக்கலயே?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே. ஒன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"என்னாச்சி?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

எக்ஸ்ரே வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். சுவரில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. "எல்லாம் ஓகேயா டாக்டர்?" என்று இயக்குநர் ஆங்கிலத்தில் கேட்டார். குரல் வழக்கத்தைவிட இனிமையாக இருந்தது, பக்கத்தில் விருந்தாளிகள் இருந்ததால். எக்ஸ்ரே எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். வண்டி வேறொரு அரங்கில் இருந்தது. அது வந்து சேரும் வரை திறந்த முட்டியை ஈரத் துணியால் மூடிவிட்டு, கைகளை நெஞ்சுக்கு நேரே கோத்துக்கொண்டு நின்றேன். ரத்தம் வராமலிருக்கத் தொடையை இறுக்கியிருந்த பட்டையின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டையைத் தளர்த்தச் சொன்னேன். கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் எழுந்து வெளியே போவது தெரிந்தது. காக் அண்ணனின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் இருவருக்கும் பொதுவான மொழி மலாய். ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைப் பற்றி என்று நினைக்கிறேன்.

முதல் படம் நேராக எடுத்தது. ஒன்றும் இல்லை. எலும்பு முழுசாக இருந்தது. அறையில் எல்லோரும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. லிம் அடுத்த வேலைக்குத் தயாராகத் திரையின் பக்கம் திரும்பிவிட்டார். தாதி ரம்பத்தை மறுபடி என் பக்கம் நகர்த்தினார்.

எனக்கும் நகர்ந்துவிட வேண்டும் போலத்தான் இருந்தது. அந்த ஆசை எவ்வளவு பலமானது என்று உங்களுக்கு நான் எப்படிச் சொல்வது? படம் நன்றாக இருக்கிறது, எல்லோரும் காத்திருக்கிறார்கள், ரம்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் நேராக எடுத்த படத்தில் பழைய தகட்டின் நிழல், எலும்பின் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டிருந்தது. அந்த நிழலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல வைத்துக்கொண்டு மேலே போக வேண்டியிருக்கும்.

"சாய்ச்சு இன்னொன்னு எடுங்க," என்றேன்.

இரண்டாவது படத்தில் அது இருந்தது. தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. கீழ்ப் பின்னின் துளையில் தொடங்கி, மேலே பழைய ஆணியின் துளையை நோக்கிப் போயிருந்தது. எலும்பு கீறல் விட்டிருந்தது. புதிய மூட்டைச் சுத்தியலால் தட்டித்தான் பொருத்துவோம். அந்தக் கீறலின் மேல் தட்டியிருந்தால் அவர் தொடை அந்த மேசையிலேயே இரண்டாகியிருக்கும்.

கம்பியால் சுற்றிக் கட்டிவிட்டு அன்றே மூட்டை மாற்றியிருக்கலாமே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். நானும் அந்த மேசையருகே நின்று என்னையே கேட்டுக்கொண்டேன். கோணலான, மென்மையான எலும்பு. கட்டு நழுவினால் தாங்கிப்பிடிக்க நீண்ட தகடு வேண்டும், அது அன்று எங்களிடம் இல்லை. கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும். தவறினால் என்ன செய்வது என்பதற்குப் பதில் இல்லாத ஒரு வழியில் இறங்க எனக்கு மனம் வரவில்லை. மூடிவிடுவது என்று முடிவெடுத்தேன். பின்களை எடுத்துவிட்டு முட்டியை மூடி, எலும்பு கூடும் வரை காலுக்குக் கவசம்.

அதைவிடக் கஷ்டமான வேலை திரைத்துணிக்கு அந்தப் பக்கம் இருந்தது. உதவி மருத்துவர் காயத்தைப் பார்த்துக்கொள்ள, நான் தலைமாட்டுக்குப் போனேன்.

"அண்ணே, இன்னிக்கு முட்டிய மாத்தப்போறது இல்ல."

அவர் என் கண்ணையே பார்த்தார். முகமூடிக்கு மேலே அது மட்டும்தான் தெரிந்தது.

"மெசின் கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணே. உங்க தொடை எலும்புல சின்னதா கீறல் விட்டிருக்கு. நான் எறக்குன பின்னுலேர்ந்து போயிருக்கு. இதுக்கு மேல முட்டிய மாத்துனா எலும்பு ஒடைஞ்சிரும். மூடிட்டு, அது கூடுனதுக்கு அப்புறம் செய்யலாம்."

"அப்ப கால் ஒடைஞ்சிருச்சி."

"கீறல்தாண்ணே."

"முட்டியும் மாத்தல, காலும் ஒடைஞ்சிருச்சி." திட்டவில்லை. கணக்குப் பார்ப்பது போலச் சொன்னார். பிறகு, "வேன எப்ப டாக்டர் ஓட்டுறது?" என்றார்.

தெரியாது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்திலிருந்து நீர் காதுப் பக்கம் இறங்கியது. காக் அதைத் துடைத்துவிட்டார்.

வெளியே ராஜேஸ்வரி அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து சிரித்த முகத்தோடு வந்தார். "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா டாக்டர்? ரோபோன்னா சீக்கிரம்தான் லா!"

இத்தனை வருடத்தில் கெட்ட செய்தி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தவரிடம் சொன்னது அன்று ஒருமுறைதான். சொன்னேன். அவர் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே மாட்டிக்கொண்டு நின்றது.

"நடந்து வந்த மனுசன் டாக்டர்," என்றார். "நொண்டிக்கிட்டாவது நடந்து வந்தாரு. இப்ப என்னா, படுத்துக்கிட்டா போகணும்? யார் போட்ட பின்னு அது?"

"நான் போட்டதுதாங்கா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இயக்குநர் என்னைத் தனியே அழைத்து, விருந்தாளிகளிடம் என்ன சொல்வது என்று கேட்டார். நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு மருத்துவமனையின் ஆய்வுக் கூட்டத்தில் படங்களையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். பின் சரியான இடத்தில்தான் இறங்கியிருக்கிறது, மென்மையான எலும்பில் எப்போதாவது இப்படி ஆகிவிடும் என்றார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அதற்குப் பிறகு எந்தப் பின்னை இறக்கினாலும் அந்தக் கோடு கண்ணுக்குள் ஓடும்.

அடுத்து வந்த மாதங்கள்தான் மோசம். அண்ணன் காலை ஊன்றக் கூடாது. நடுவில் காயம் லேசாகச் சிவந்தது. கிருமி உள்ளே போய்விட்டதோ என்று நான் பதறி, தினமும் வரச் சொல்லிப் பார்த்தேன். நல்லவேளை, சிவப்பு தானாக மறைந்தது. அக்கா வருவார், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு. என் கேள்விகளுக்கு ஓரிரு சொல்லில் பதில் சொல்வார். இடையில் சிங்கப்பூரில் இன்னொரு மருத்துவரிடம் காட்டினார்கள் என்று பிறகு தெரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவரே செய்துவிட்டால் நன்றாயிருக்கும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். வீட்டில் கணவர், "யாரு கேஸ்? இப்படிச் சோத்தப் பெசஞ்சிக்கிட்டே இருக்க?" என்று கேட்கும் அளவுக்கு இருந்தேன்.

எலும்பு கூடியது. புதிய ஸ்கேனில் கீறல் இருந்த இடமே தெரியவில்லை. இருவரும் என் அறைக்கு வந்தார்கள். அண்ணன், "அந்த டாக்டரும் இதேதான் சொன்னாரு. ரோபோவாலதான் செய்யணுமாம். அப்ப நீங்களே செய்ங்க," என்றார். பெரிய நம்பிக்கையோடு சொன்னதாகத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் சொன்னது போலத்தான் இருந்தது.

கிளம்பும் நேரத்தில் அக்கா சக்கர நாற்காலியின் பிடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "இந்தத் தடவ என்னா என்னா நடந்தா நீங்க நிறுத்துவீங்க டாக்டர்?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எவ்வளவு நேரமாகும், எப்போது நடக்கலாம், எத்தனை வருடம் தாங்கும் என்றெல்லாம்தான் கேட்பார்கள். நான் உட்கார்ந்து யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பின் ஆடினால் நிறுத்துவேன். சரிபார்க்கும் புள்ளி சிவப்பு காட்டி, அதற்குக் காரணம் தெரியாவிட்டால் நிறுத்துவேன். சாய்த்து எடுத்த படத்தில் புதிதாகக் கோடு தெரிந்தால் நிறுத்துவேன்.

"இதுல எதுவும் இல்லன்னா?"

"முடிப்பேங்கா."

"முடிப்பீங்கள்ல?"

"முடிப்பேன்."

இரண்டாவது முறை நீண்ட தகட்டை முன்கூட்டியே வரவழைத்து அரங்கில் வைத்திருந்தேன். பின்கள் மெல்லியவை. இடமும் வேறு, முட்டிக்கு அருகே எலும்பு அகலமாக இருக்கும் பகுதி. பார்வையாளர்கள் கூடாது என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். அண்ணன் இந்த முறையும் தூங்க மறுத்தார். காக் தலைமாட்டில், லிம் என் பின்னால்.

புள்ளியைத் தொட்டேன். பச்சை. ஆனால் எண் எல்லைக்கு அருகில் இருந்தது. தாண்டவில்லை, அருகில். மறுபடி தொட்டேன். அதே எண். பின்னைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. நேராக ஒரு படம், சாய்த்து ஒரு படம். எலும்பு முழுசாக இருந்தது. ரம்பத்தைக் கையில் எடுத்தேன். கை போகவில்லை.

இன்னொரு கோணத்தில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அதிலும் ஒன்றுமில்லை. இன்னும் ஒன்று என்று வாய் திறந்தேன். அப்போது காக் திரைத்துணிக்கு மேலே தலையை நீட்டி என்னைப் பார்த்தார்.

"தூலாங் டியா, அத்தாவ் ஆவாக்?"

அவர் எலும்பா, இல்லை நீயா? அவ்வளவுதான் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் மானிட்டருக்குத் திரும்பிக்கொண்டார்.

அக்காவிடம் சொன்னதை மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். பின் ஆடவில்லை. சிவப்பு இல்லை. கோடு இல்லை. மிச்சமிருந்தது நான் மட்டும்தான். இப்போது நிறுத்தினால் அது அவருக்காக இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்பதற்காக. போன முறை பயம் எனக்கு ஒன்றைக் காட்டித்தந்தது என்பதற்காக, இந்த முறையும் அது சொல்வதையெல்லாம் கேட்க வேண்டும் என்று இல்லை. இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன், சொல்லத் தெரியாமல் அன்று சிரித்துவிட்டேன். எதைக் கண்டால் நிறுத்துவீர்கள் என்பதை உள்ளே போகும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். முடிந்தால் அதை நோயாளியின் வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நடுவில் எடுக்கும் முடிவில் நம் அவசரமும் கலந்திருக்கும், நம் பயமும் கலந்திருக்கும். அப்போது இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

ரம்பத்தை இயக்கினேன்.

திரைத்துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஆ, கேக்குது, கேக்குது," என்றார் குணா அண்ணன்.

புதிய மூட்டைத் தட்டிப் பொருத்தும்போது ஒவ்வொரு தட்டுக்கும் நிறுத்தி எலும்பைப் பார்த்தேன். எலும்பு தாங்கியது. மூடுவதற்கு முன் காலை நீட்டி மடக்கிப் பார்த்தேன். கால் நேராக இருந்தது. லாரி இடிப்பதற்கு முன் இருந்தது போல. வெளியே வந்தபோது அக்கா எழுந்திருக்கவில்லை. நான் அருகில் போய், "முடிச்சிட்டேங்கா," என்ற பிறகுதான் எழுந்தார். எழுந்தவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேன் ஓட்ட அனுமதி கொடுக்க நான் அவசரப்படவில்லை. பிசியோதெரபிப் பிரிவில் பிரேக் மிதிப்பது போலவே பயிற்சி கொடுத்தார்கள். கடைசியில் ஒரு நாள் பரிசோதித்துவிட்டு, "ஓட்டலாம்ணே," என்றேன். அவர் கிளம்பவில்லை.

"வேன் கீழதான் நிக்குது டாக்டர். மச்சான் கொண்டாந்தாரு. புள்ளைங்கள ஏத்துறதுக்கு முன்னால நீங்க ஒரு ரவுண்டு வாங்க."

"நான் எதுக்குண்ணே?"

"நீங்கதான ஓட்டலாம்னு சொன்னீங்க. ஏறுங்க."

வெளியில் இன்னும் நோயாளிகள் இருந்தார்கள். இருந்தாலும் போனேன். அவர் பக்கத்து இருக்கையில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். பின்னால் குட்டிக் குட்டி இருக்கைகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. வேன் மருத்துவமனை வாசலைத் தாண்டி, கடைவீதியைச் சுற்றிக்கொண்டு, பெரிய சாலைக்கு வந்தது. நான் அவர் வலது முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் போய் வந்துகொண்டிருந்தது.

சமிக்ஞை விளக்குக்குக் கொஞ்சம் முன்னால், ஓரத்தில் நின்ற காருக்குப் பின்னாலிருந்து ஒரு மோட்டார்காரன் எங்கள் முன்னால் குறுக்கே பாய்ந்தான். என் வலது கால் தன்னால் தரையை மிதித்தது. அங்கே பிரேக் எதுவும் இல்லை.

வேன் நின்றது. மோட்டார்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். குணா அண்ணன் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்தபடி, குனிந்து என் காலைப் பார்த்தார்.

"எடுங்க டாக்டர்," என்றார். "நான் மிதிச்சிட்டேன்."